ஒத்திகைக் கரையும் போர்க்கரையும்

இரண்டாம் உலகப் போரில் ரொறொன்ரோ நகரின் இரண்டு காலாட்படை ரெஜிமெண்டுகள் பிரான்ஸின் வடகரையில் கடல்வழியே இறங்கித் தாக்கின. முதலில் போனது ராயல் ரெஜிமெண்ட் ஒஃப் கனடா. 1942 ஆகஸ்ட் 19 விடிகாலையில் டியேப் துறைமுகத்துக்குக் கிழக்கே புயீ என்ற சிறு கரையில் அது இறங்கியது. கப்பலேறிய 554 பேரில் இங்கிலாந்துக்குத் திரும்பியவர்கள் 65 பேர். உயிரிழந்தவர்கள் 227 பேர். மற்றவர்களில் பெரும்பாலோர் கைதிகளானார்கள். அடுத்தது குயீன்ஸ் ஓன் ரைஃபிள்ஸ். 1944 ஜூன் 6 காலை, நார்மண்டியின் ஜூனோ கரையில் பெர்னியேர் ஊருக்கு முன்னால் அது இறங்கியது. அன்று அது 61 பேரைப் பறிகொடுத்தது. ஆனால் மாலைக்குள் அங்கெர்னி, அனிஸி வரை உள்நாட்டுக்குள் முன்னேறியிருந்தது. இந்த வேறுபாட்டுக்கு எண்பது ஆண்டுகளாக ஒரே விளக்கம் சொல்லப்படுகிறது: டியேப்பில் சிந்திய இரத்தம் கற்பித்த பாடமே நார்மண்டியில் வெற்றியாக விளைந்தது என்பது அது. இதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதி, இறந்தவர்களின் உறவினருக்குச் சொன்ன ஆறுதல் வரலாறாக மாறிப்போனது. புயீயில் கற்க வேண்டியிருந்தவற்றில் முக்கியமானவை முன்பே தெரிந்திருந்தன. ஒத்திகையில் வெளிப்பட்ட குறையைத் தலைமை என்ன செய்தது என்பதில்தான் இரண்டு கரைகளும் வேறுபடுகின்றன.

புயீயில் இறங்கியவர்கள் பயிற்சி இல்லாதவர்கள் அல்லர். 1939 செப்டம்பரில் அணிதிரட்டப்பட்ட இந்த ரெஜிமெண்ட் 1940இல் ஐஸ்லாந்தில் காவல் நின்று, பிறகு இங்கிலாந்து வந்தது. 1942 மே மாதம் இரண்டாம் கனடிய டிவிஷனின் தாக்குதல் படைகள் வைட் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டன. அங்கே வாரக்கணக்கில் முழுச் சுமையுடன் வேகநடை, பாறைமுகடு ஏறுதல், முள்கம்பியைத் தாண்டுதல், தெருச்சண்டை, இரவில் படகேறி இறங்குதல் எனப் பழகினார்கள். அவர்கள் பழகிய தரையிறங்கு கலம் மரத்தால் கட்டி, மெல்லிய கவசத் தகடு பொருத்திய தட்டையான படகு. ஏறத்தாழ 35 பேர் மூன்று வரிசையாகக் குந்தியிருப்பார்கள். படகு மணலைத் தொட்டதும் முன்பக்கப் பலகை விழும்; குறுகலான அந்த வாசல் வழியே எல்லோரும் வெளியேற வேண்டும். கால் இடறினால் பின்னால் வருபவர்கள் அடைபட்டுப் போவார்கள். முள்கம்பியை உடைக்க அவர்கள் கையில் இருந்தது பெங்களூர் டார்பிடோ: வெடிமருந்து அடைத்த குழாய்த் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திக் கம்பிச்சுருளுக்கு அடியில் தள்ளி வெடிக்கச் செய்யும் கருவி. 1912இல் பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன் மெக்ளின்டாக் உருவாக்கியது அது. தென்னிந்தியப் பாசறை ஒன்றில் பிறந்த அந்தக் குழாய் ரொறொன்ரோ இளைஞர்களின் தோளில் ஏறிப் பிரான்ஸ் வரை போயிற்று. தனி வீரன் செய்ய வேண்டியதை அந்த வீரர்கள் நன்றாகவே கற்றிருந்தார்கள். புயீயில் உடைந்தது அவர்களுடைய பயிற்சி என்று யாரும் சொல்ல முடியாது.

அப்படியானால் எது உடைந்தது? இந்தக் கேள்விக்கு விடைதேட முதலில் ரொறொன்ரோவின் சொந்தக் கரைக்குத் திரும்ப வேண்டும். 1813 ஏப்ரல் 27 அன்று, யோர்க் என்ற பெயரில் மேல் கனடாவின் தலைநகராக இருந்த இந்த ஊரின் மேற்குக் கரையில் அமெரிக்கப் படை இறங்கியது. தளபதி ஐசக் சோன்சியின் 14 கலங்கள் ஏறத்தாழ 1,700 படையினரை ஏற்றி வந்திருந்தன. இன்று எக்ஸிபிஷன் பிளேஸ் இருக்கும் இடத்தில், பழைய பிரெஞ்சுக் கோட்டையின் வெட்டவெளியில் இறங்குவதே திட்டம். ஆனால் பலமான கீழைக்காற்று படகுகளை மேற்கே தள்ளிக்கொண்டு போனது. முதலில் கரைதொட்ட துப்பாக்கி வீரர்களை மேஜர் ஜேம்ஸ் கிவின்ஸுடன் வந்த மிசிசாகா, ஒஜிப்வே போராளிகள் மரங்களுக்கிடையே எதிர்கொண்டார்கள். பிரிட்டிஷ் தளபதி ரோஜர் ஷெஃப் தன் படையைத் துண்டு துண்டாக அனுப்பினார். ஒரு பிரிவு வழி மாறிப்போனது. எட்டாவது ரெஜிமெண்டின் கிரெனேடியர் கம்பனி துப்பாக்கிமுனைக் கத்தியுடன் பாய்ந்தது. அதன் கேப்டன் மெக்னீல் அங்கேயே வீழ்ந்தார். இறங்கியவர்களைக் காப்பாற்றியது கரையை நெருங்கி வந்து சுட்ட சிறு பாய்க்கப்பல்களின் பீரங்கிகள். பின்வாங்கும்போது ஷெஃப் வெடிமருந்துக் கிடங்கைத் தகர்த்தார். அந்த வெடிப்பில் அமெரிக்க ஜெனரல் செபுலன் பைக் இறந்தார். ஆனாலும் ஊர் விழுந்தது.

இந்தப் பழைய சண்டையில் தரையிறக்கத்தின் மூன்று விதிகள் தெளிவாகத் தெரிகின்றன. முதலாவது, படகு நினைத்த இடத்திலோ நினைத்த நேரத்திலோ கரைசேராது. காற்றும் நீரோட்டமும் அதை இழுத்துக்கொண்டு போகும். இரண்டாவது, கரை தொடும் அந்தச் சில நிமிடங்களில் எதிரியைத் தலைகுனிய வைக்கும் பீரங்கிச் சூடு அருகிலிருந்தே வர வேண்டும். மூன்றாவது, முதல் அலை தடுமாறினாலும் பின்னால் வருபவர்களுக்கு வேறு வழி இருக்க வேண்டும். யோர்க்கில் காற்று திட்டத்தைக் குலைத்தும் அமெரிக்கர்கள் வென்றதற்குக் காரணம், இரண்டாவதும் மூன்றாவதும் அவர்களிடம் இருந்ததுதான். எதிரே நின்றவர்கள் தொகையில் மிகக் குறைந்தவர்கள் என்பதும், இயந்திரத் துப்பாக்கி அன்று இல்லை என்பதும் உண்மைதான். ஆனால் இயந்திரத் துப்பாக்கி வந்ததால் இந்த விதிகள் மேலும் கடுமையாயினவே தவிர, மாறவில்லை. 1915 ஏப்ரல் 25 அன்று கலிப்போலியில், பட்டப்பகலில் படகுகளிலும் ரிவர் கிளைட் என்ற நிலக்கரிக் கப்பலிலும் கரை சேர்ந்தவர்கள் சுட்டு வீழ்த்தப்பட்டபோது உலகமே அதைப் பார்த்தது. அந்தத் தோல்வியை வரி வரியாக ஆராய்ந்துதான் அமெரிக்க மரீன் படை 1934இல் குவாண்டிகோ பள்ளியில் தரையிறக்கத்துக்கான கையேட்டைத் தயாரித்தது. பிரிட்டனும் 1938இல் முப்படைகளுக்கும் பொதுவான தரையிறக்க ஆய்வு மையம் ஒன்றைத் தொடங்கியது. ராயல் ரெஜிமெண்ட் ஏறிய படகே அந்த மையத்தின் உழைப்பில் உருவானதுதான். ஆக, 1942இல் இது எவரும் அறியாத கலை அல்ல.

பழைய வரலாற்றை விட்டுவிட்டாலும் டியேப் திட்டத்தின் சொந்த ஒத்திகையே போதுமான சாட்சி. 1942 ஜூன் 11, 12இல் டோர்செட் கடற்கரையின் பிரிட்போர்ட் அருகே யூகோன் என்ற பெயரில் முழு ஒத்திகை நடந்தது. அது நன்றாகப் போகவில்லை. படைப்பிரிவுகள் தங்கள் கரையிலிருந்து மைல்கணக்கில் விலகி இறக்கப்பட்டன. டாங்கிகள் ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதமாக வந்தன. கூட்டு நடவடிக்கைத் தலைவர் மவுண்ட்பேட்டன் மறு ஒத்திகை வேண்டுமென்றார். ஜூன் 22, 23இல் நடந்த இரண்டாவது ஒத்திகை மேம்பட்டிருந்தது. ஆயினும் கடற்படை சரியான கரையைக் கண்டுபிடிக்குமா என்ற கவலை தீரவில்லை. இங்கே நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஒத்திகையைத் தலைமை அலட்சியம் செய்துவிட்டது என்று சொல்வது அநியாயம். தவறைக் கண்டார்கள், மீண்டும் நடத்தினார்கள். கேட்காமல் விட்டது ஒரே ஒரு கேள்வி. இதே தாமதம் உண்மையான போர்நாளில் நேர்ந்தால் திட்டம் தாங்குமா? அப்படிக் கேட்டிருந்தால் விடை புயீயைப் பற்றியதாகவே இருந்திருக்கும். ஏனெனில் அந்தக் கரையின் திட்டம் முழுவதும் இருளையும் எதிரி விழித்திருக்கமாட்டான் என்ற நம்பிக்கையையும் சார்ந்திருந்தது. பலமான விமானக் குண்டுவீச்சு முதல் ஒத்திகைக்கு முன்பே ஜூன் 5 கூட்டத்தில் கைவிடப்பட்டிருந்தது. பெரும் போர்க்கப்பல் எதுவும் தரப்படவில்லை. நான்கு அங்குலப் பீரங்கிகள் கொண்ட எட்டு நாசகாரிக் கப்பல்களே மொத்தத் தாக்குதலுக்கும் துணை.

ஆகஸ்ட் 19 அதிகாலையில் நடந்தது ஒத்திகையில் நடந்ததேதான். தாய்க்கப்பல்களிலிருந்து இறங்கிய படகுகளில் சில, வேறொரு துப்பாக்கிப் படகைத் தங்கள் வழிகாட்டி என்று எண்ணி அதன்பின் அணிவகுத்தன. அவற்றை ஒழுங்குபடுத்துவதில் நேரம் போயிற்று. 4.50க்குத் தொட வேண்டிய கரையை முதல் அலை தொட்டபோது மணி 5.07. பதினேழு நிமிடத் தாமதத்தில் இருட்டு போய்விட்டது. இரு பக்கமும் செங்குத்தான பாறைமுகடு. நடுவே கூழாங்கல் நிறைந்த குறுகிய கரை. அதன் எல்லையில் ஏறத்தாழ பத்து அடி உயரக் கடற்சுவர். சுவரின் மேல் முள்கம்பிச் சுருள். கிழக்கு மேட்டில் ஒரு வீட்டின் முன்தோட்டத்தில் இருந்த காங்கிரீட் அரணிலிருந்து சுவரின் நீளத்துக்கும் பக்கவாட்டில் சுட முடிந்தது. எனவே சுவரை ஒட்டிப் பதுங்கியவர்களுக்கும் பாதுகாப்பில்லை. எதிரே இருந்தவர்கள் இரண்டு பிளாட்டூன் அளவுக்கு மேல் இல்லை. பெங்களூர் டார்பிடோவைக் கம்பிக்கடியில் தள்ளி வழி திறந்து, லெப்டினன்ட் கர்னல் டக்ளஸ் கட்டோ சுமார் இருபது பேருடன் மேலே ஏறினார். அவர்களுக்குப் பின்னால் அந்த வழி மீண்டும் இயந்திரத் துப்பாக்கியால் அடைபட்டது. கரையில் எஞ்சியவர்கள் காலை எட்டரை மணியளவில் சரணடைந்தார்கள். அடுத்தடுத்த அலைகள் என்ன நடக்கிறதென்று தெரியாமலே அதே கரைக்கு அனுப்பப்பட்டன. விதிகள் மூன்றும் இங்கே மீறப்பட்டன: படகு தாமதித்தது, அருகிலிருந்து சுடும் பீரங்கி இல்லை, மாற்று வழி இல்லை. வீரர்களின் துணிவாலும் பயிற்சியாலும் அந்த மூன்று குறைகளையும் ஈடுசெய்ய முடியவில்லை.

இந்த இடத்தில் மறுப்பாளர் எழுவார். டியேப் இல்லாமல் ஜூனோ இல்லை என்று கனடிய ஜெனரல் கிரெராரும் மவுண்ட்பேட்டனும் கடைசிவரை சொன்னார்களே, அது பொய்யா? பொய் அல்ல. டியேப்பிலிருந்து நேராக வந்த நன்மைகள் உண்டு. தாக்குதலுக்கென்றே நிரந்தரமான கடற்படைப் பிரிவு வேண்டும் என்று உணர்ந்து, ஜுபிலி என்ற டியேப் நடவடிக்கையின் முதலெழுத்தைப் பெயராகக் கொண்ட ஜே படையை 1942 இலையுதிர் காலத்தில் அமைத்தார்கள். அதே படைதான் 1944இல் கனடியர்களை ஜூனோவுக்கு ஏற்றிச் சென்றது. துறைமுகத்தை நேராகத் தாக்கிப் பிடிக்க முடியாது என்பதும் அங்கே உறுதிப்பட்டது. ஆனால் பாடம் கிடைத்தது என்பதும் அந்தப் பாடத்துக்கு அந்த விலை தேவைப்பட்டது என்பதும் வேறு வேறு கூற்றுகள். படகு தாமதிக்கும் என்பதை அறிய 227 உயிர்கள் வேண்டியதில்லை. பிரிட்போர்ட் ஒத்திகையிலேயே அது தெரிந்துவிட்டது. பீரங்கித் துணை வேண்டும் என்பதை அறியப் புயீ வரை போக வேண்டியதில்லை. ஃபிளீட் வீதியில் ராயல் ரெஜிமெண்டின் ஆயுதக்கூடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் யோர்க் கோட்டை அதைச் சொல்லிக்கொண்டிருந்தது.

வேறு சிலர் இன்னொரு வாதம் வைப்பார்கள்: எதிரியின் எனிக்மா இரகசியக் கருவிகளைக் கைப்பற்றும் நோக்கமும் டியேப் தாக்குதலில் இருந்தது, ஆகவே அதைத் தரையிறக்கப் பாடமாக மட்டும் பார்க்கக் கூடாது என்று. வரலாற்றாசிரியர் டேவிட் ஓ'கீஃப் 2013இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாக நிறுவ முயன்றார். அந்த நோக்கம் எவ்வளவு பெரிதென்று அறிஞர்கள் வாதாடட்டும். ஏன் போனார்கள் என்பதை அது விளக்கலாம். புயீயில் ஏன் அவ்வாறு அனுப்பப்பட்டார்கள் என்பதை விளக்காது. நோக்கம் எவ்வளவு உயர்ந்ததோ, அவ்வளவுக்குத் திட்டம் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும்.

மாறிய அணுகுமுறையை 1943இலிருந்து காணலாம். அந்த ஆண்டு ஜூலையில் மூன்றாம் கனடிய டிவிஷன் பெருந்தாக்குதலுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. குயீன்ஸ் ஓன் அதன் எட்டாம் பிரிகேடில் இருந்தது. பயிற்சி படிப்படியாக நடந்தது: முதலில் நிலத்தில் படகின் மாதிரிகளில், பிறகு ஸ்காட்லாந்தின் இன்வரரே கூட்டுப்பயிற்சி மையத்தில், பிறகு தங்களை ஏற்றிச்செல்லப்போகும் அதே ஜே படையுடன் தென்கரையில். 1943 அக்டோபரில் ஸ்டட்லண்ட் விரிகுடாவில் பைரேட் என்ற ஒத்திகை நடந்தது. அங்கே சோதித்தது முக்கியமாக ஒரு யோசனையை: கரைக்குப் போகும் வழியிலேயே, படகுத் தளத்தில் நிற்கும் தானே நகரும் பீரங்கி வண்டிகள் காலாட்படையின் தலைக்கு மேலாகச் சுட முடியுமா? முடியும் என்று தெரிந்தது. 1944 ஜூன் 6 அன்று நான்கு பீரங்கி ரெஜிமெண்டுகளின் 96 பீரங்கிகள் அவ்வாறே கடலிலிருந்து சுட்டன. புயீயில் இல்லாத அருகாமைச் சூடு இப்போது படையோடு கூடவே மிதந்து வந்தது. 1944 மே மாதத் தொடக்கத்தில் பிராக்கில்ஷம் விரிகுடாவில் நடந்த கடைசி ஒத்திகையில், யார் எந்தப் படகில், எந்த வரிசையில், எந்த நிமிடத்தில் என்பது வரை ஓட்டிப் பார்த்தார்கள்.

நீந்தும் டாங்கியும் இந்தக் காலத்தின் கருவிதான். நிக்கலஸ் ஸ்ட்ராஸ்லர் வடிவமைத்த அந்த ஏற்பாட்டில், டாங்கியைச் சுற்றி ஒரு கித்தான் திரை மடிந்திருக்கும். ரப்பர்க் குழாய்களில் காற்றை நிரப்பினால் திரை நிமிர்ந்து நிற்கும். முப்பது தொன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பு வண்டி அந்தக் கித்தானின் தயவில் மிதக்கும். பின்புறம் இரண்டு சுழல்விசிறிகள் அதைத் தள்ளிக்கொண்டு போகும். கரையேறியதும் திரையைச் சரித்துவிட்டுச் சுடத் தொடங்கலாம். ஓர் அலை திரையைத் தாண்டினால் டாங்கி கல்லாக மூழ்கும். 1944 ஏப்ரல் 4இல் ஸ்டட்லண்ட் விரிகுடா ஒத்திகையில் அப்படியே நடந்து ஆறு பிரிட்டிஷ் வீரர்கள் இறந்தார்கள். அதே மாதம் 28ஆம் தேதி லைம் விரிகுடாவில் ஒத்திகைக்குப் போன அமெரிக்கக் கப்பல்களை ஜெர்மன் வேகப்படகுகள் தாக்கியதில் 749 பேர் மடிந்தார்கள். ஒத்திகையும் உயிரைக் குடிக்கும். அதனால்தான் அது சொல்லும் செய்தியை ஒதுக்குவது பெருங்குற்றம். ஜூன் 6 காலை பெர்னியேர் முன் கடல் கொந்தளித்தபோது டாங்கிகளை நீந்தவிடாமல் படகிலேயே கரைக்குக் கொண்டுபோக முடிவெடுத்தார்கள். அதனால் அவை காலாட்படைக்குப் பிறகே வந்து சேர்ந்தன. ஆனால் வந்து சேர்ந்தன.

பெர்னியேரில் எல்லாம் சரியாக நடந்ததாக யாரும் எண்ண வேண்டாம். நேரம் அங்கேயும் தவறியது. குயீன்ஸ் ஓன் வீரர்கள் எட்டு மணிக்குப் பிறகே கரை தொட்டார்கள். இடமும் தவறியது, பி கம்பனி விலகிப்போய் எதிரியின் பலமான அரணுக்கு நேர் முன்னால் இறங்கியது. மேகமூட்டத்தில் வந்த குண்டுவீச்சு அந்த அரணைத் தொடவில்லை. சில நிமிடங்களில் அந்தக் கம்பனியில் 65 பேர் இறந்தோ காயமடைந்தோ வீழ்ந்தார்கள். லெப்டினன்ட் ஹெர்பர்ட், லான்ஸ் கோப்ரல் டெஸ்ஸியே, ரைஃபிள்மேன் சிகோஸ்கி ஆகிய மூவர் கையெறி குண்டுகளுடனும் ஸ்டென் துப்பாக்கிகளுடனும் அந்த அரணை அடக்கினார்கள். புயீயின் முதல் நிமிடங்களுக்கும் இந்த நிமிடங்களுக்கும் வேறுபாடே இல்லை எனலாம். வேறுபாடு அடுத்த அரை மணியில் தெரிந்தது. பக்கத்தில் இறங்கிய ஏ கம்பனி முன்னேறிக்கொண்டிருந்தது. கடலில் அல்கான்குவின், சூ போன்ற நாசகாரிகள் சுட்டுக்கொண்டிருந்தன. டாங்கிகள் வந்தன, கடற்சுவரைக் கடக்க வழிசெய்யும் பொறியியல் வண்டிகள் வந்தன, பின்னணியில் ஷோடியேர் ரெஜிமெண்ட் காத்திருந்தது. ஒன்று தவறினால் இன்னொன்று தாங்கும்படி திட்டம் அடுக்கடுக்காக அமைந்திருந்தது. இறந்தவர்களும் காயமடைந்தவர்களுமாக அன்று ரெஜிமெண்டின் மொத்த இழப்பு 143. கனடியப் பட்டாலியன்களிலேயே அதிகம். ஆயினும் அது தொடர்ந்து போரிடும் படையாக மாலையைக் கண்டது.

கடைசியாக ஒரு மறுப்பு உண்டு. 1944இல் நேச நாடுகளுக்கு வானில் முழு ஆதிக்கம் இருந்தது, ஆயிரக்கணக்கான கப்பல்கள் இருந்தன. வென்றது வளம்தான், ஒத்திகை அல்ல என்பார்கள். வளம் இல்லாமல் வெற்றி இல்லை என்பது சரி. ஆனால் வளம் மட்டும் போதாது என்பதற்கு 1943 நவம்பர் தராவா சாட்சி. கையேடு எழுதிய அதே அமெரிக்க மரீன் படை, பெருங்கப்பல்களின் துணையுடன் அந்தப் பசிபிக் தீவைத் தாக்கியது. நீர்மட்டம் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்ததால் படகுகள் பவளப்பாறையில் தட்டி நின்றன. வீரர்கள் இடுப்பளவு நீரில் நடந்தே குண்டுகளை எதிர்கொண்டார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். பாறையைத் தாண்டியவை சங்கிலிச் சக்கரம் பூண்ட நீர்நில ஊர்திகள் மட்டுமே. புளோரிடாவின் சதுப்பு நிலங்களில் மீட்பு வேலைக்காக டொனால்ட் ரோப்ளிங் உருவாக்கிய வண்டியின் வழிவந்தவை அவை. மேலும் அதிகம் தேவை என்று மரீன் தளபதிகள் முன்கூட்டியே வற்புறுத்தியும் போதிய அளவு கிடைக்கவில்லை. அங்கேயும் தெரிந்த ஆபத்துக்குத்தான் உயிர்ப்பலி. இதே ஊர்தியின் பஃபலோ வகையில்தான் 1944 அக்டோபரில் மூன்றாம் கனடிய டிவிஷனின் ஒன்பதாம் பிரிகேட் ஷெல்ட் முகத்துவாரத்தில் எதிரியின் முதுகுப்புறம் இறங்கியது. நேரே மோதும் வழியில் இழப்பு பெருகுவதைக் கண்டு, கடல் திறந்துவிட்ட மற்ற வழியைத் தேர்ந்தெடுத்தது அது.

ரொறொன்ரோவில் வாழும் தமிழருக்கு இந்த வரலாறு அந்நியமானதல்ல. 1991 ஜூலையில் இலங்கையின் வெற்றிலைக்கேணிக் கரையில் அரசுப் படையினர் தரையிறங்கியதை நினைவில் வைத்திருப்பவர்கள் இங்கே ஏராளம். கடலிலிருந்து வரும் போர் கரையில் நிற்பவரையும் படகில் வருபவரையும் என்ன செய்யும் என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே நவம்பர் 11 அன்று சிவப்புப் பொப்பி மலரை அணியும்போது நாம் ஒரு தெளிவோடு அணியலாம். புயீயில் இறந்த ரொறொன்ரோ இளைஞர்கள் ஒரு பாடத்தின் விலை அல்லர். தெரிந்த பாடத்தை அதிகாரம் கேட்காமல் விட்டதால் இறந்தவர்கள். அவர்களை மதிக்கும் வழி, அந்த மரணத்தை அவசியமானதென்று நியாயப்படுத்தாமல் இருப்பது. இளையவர்களை ஒருமுறை யோர்க் கோட்டைக்கும், குயீன்ஸ் ஓன் ரெஜிமெண்டின் அருங்காட்சியகம் இருக்கும் காசா லோமாவுக்கும் அழைத்துச் செல்லுங்கள். எந்தப் பெருந்திட்டத்திலும் ஒத்திகையில் கண்ட குறையை யார் எழுப்பினார், அதற்கு யார் என்ன பதில் சொன்னார் என்று கேட்கப் பழக்குங்கள்.